வெட்டி ஆடுகிறவளின் காது

மேசைப்பந்து நடுவர் கதிரையில் புதிதாக ஏறியிருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். சட்டப் புத்தகத்தை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது, என்னைவிடக் கெதியாகத் திறப்பீர்கள். வலையின் உயரத்தை அளப்பது, மட்டையைச் சோதிப்பது, வியர்வை துடைக்கத் துவாய் எடுக்க எப்போது விடுவது, இதெல்லாம் இரண்டு மூன்று போட்டிகளில் கைவந்துவிடும். லேசில் கைவராதது ஒன்றிருக்கிறது. மண்டபம் முழுக்க உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, புத்தகத்தில் இல்லாத ஒன்றுக்கு முடிவு சொல்வது. அதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

உங்கள் தலைமுறைக்கு வெட்டி ஆடுகிறவர்களோடு அதிகம் பழக்கமில்லை. இப்போது எல்லோரும் மேசையோடு ஒட்டி நின்று இரண்டு பக்கமும் அடிதான். வெட்டி ஆடுகிறவர் மேசையை விட்டுப் பின்னால் பின்னால் போவார். எதிரி அடிக்க அடிக்க, பந்தின் கீழ்ப்பக்கத்தை மட்டையால் சீவித் தாழ்வாக, மெதுவாகத் திருப்பி அனுப்புவார். பந்து மேசையில் விழுந்ததும் எழும்ப மனமில்லாமல் கிடக்கும். அடிக்கிறவர் கொஞ்சம் கணக்குத் தப்பினால் வலைக்குள் போகும். பார்க்கிற சனத்துக்கு இந்த விளையாட்டுப் பிடிக்காது. பார்வையாளர் இருக்கிற பின்வாங்கிலிருந்து ஒருவராவது "அடியுமன்" என்று கத்தாத போட்டியை நான் கண்டதில்லை. நடுவர்மாருக்கும் பிடிக்காது, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். ஒரு புள்ளி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.

ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். பலமாக அடிக்கிறவர் ஒரே கைவீச்சில் இரண்டு விதமான பந்து அனுப்பலாம். ஒன்று, பந்தை மட்டையால் உரசி மேல்சுழற்சியோடு அனுப்புவது. மற்றது, சுழற்சியே இல்லாமல் தட்டையாக அறைவது. தூரத்தில் நிற்பவருக்குக் கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மட்டையில் பட்ட சத்தம்தான் வேறு. உரசின பந்து சர் என்று வரும், அறைந்த பந்து டப் என்று வரும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வெட்டி ஆடுகிறவர் தன் மட்டையை எவ்வளவு சரிப்பது என்று முடிவெடுக்கிறார். பாதி விளையாட்டை அவர் காதால் விளையாடுகிறார். எனக்கு இது விளங்க அநியாயத்துக்குக் காலம் எடுத்தது. நான் அடித்து ஆடினவன்.

இனி எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில், ஹெலிகொப்டர் மேலே சுற்றாத நாளில்லை என்ற காலத்தில், யாழ்ப்பாணத்து நடுவர்மார் நாங்கள் கூடி ஒரு முடிவு எடுத்தோம். ஹெலிச் சத்தத்துக்கு ஆட்டம் நிற்காது. ஷெல் கிட்ட விழுகிற சத்தம் கேட்டால் மட்டும் நிறுத்துவது. இல்லாவிட்டால் ஒரு போட்டியையும் முடிக்க ஏலாது. எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்த விதியில் எங்களுக்குப் பெரிய பெருமை. கொழும்பிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சத்தம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே என்பது எங்கள் நியாயம். அது ஒன்றல்ல என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, வெட்டி ஆடுகிறவர்களும் வாய் திறக்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விளையாட வந்த இடத்தில் சத்தம் கூடிப்போச்சு என்று யார் முறையிடுவார்?

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் கொஞ்ச மாதம் சண்டை ஓய்ந்திருந்தது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் நடக்கும் போட்டிக்கு எங்கள் மாவட்டத்திலிருந்தும் ஒரு குழுவை அனுப்பலாம் என்று செய்தி வந்தது. ஆண்களில் சிலர், பெண்களில் ஒரே ஒருவர். அந்த ஒருவரைத் தெரிவுசெய்வதற்கு நகரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டி வைத்தோம். கடைசியில் இரண்டு பேர் எஞ்சினார்கள்.

ஒருவர் சுகிர்தா. உடுப்பிட்டியில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தவர். கண்ணாடி போட்ட, உயரமான பெண். அந்தக் காலத்தில் அவர் மாதிரிப் பலமாக அடிக்கிற பெண்ணை நான் பார்க்கவில்லை, ஆண்களிலும் கனபேர் இல்லை. மற்றவர் ஜெசிந்தா. குருநகர்ப் பெண், மீனவர் சங்கத்தில் எழுதுவினைஞர். வெட்டி ஆடுவதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது என்று பகிடி பண்ணுவோம். மட்டையின் ஒரு பக்கம் சிவப்பில் வழவழப்பான றப்பர், மறுபக்கம் கறுப்பில் நீள முள்ளு றப்பர். பந்து வருவதற்குள் கைக்குள் மட்டையைத் திருப்பிவிடுவார். எந்தப் பக்கத்தால் வெட்டினார் என்று தெரியாவிட்டால் எதிரியின் பாடு அவ்வளவுதான். முள்ளுப் பக்கத்தால் வெட்டினால் ஒரு விதமாகவும் வழவழப்பால் வெட்டினால் வேறு விதமாகவும் பந்து வரும். இரண்டு நிறம் வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது எதிரி பார்த்து அறிவதற்காகத்தான்.

ஜெசிந்தாவுக்கு அந்த இடம் ஏன் வேண்டும் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். கலியாணமாகிச் சில மாதங்களிலேயே கணவனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் ஏற்றிக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். கூடப்போக இவருக்குப் பாஸ் கிடைக்கவில்லை. குடாநாட்டை விட்டுப் போக அப்போது இயக்கம் தருகிற அனுமதிப் பாஸ் வேண்டும், இளவயதுக்காரருக்கு அது லேசில் கிடைக்காது. கேட்டுப் போகிற ஒவ்வொரு முறையும் பிறகு வாருங்கோ என்று அனுப்பிவிடுவார்கள். விளையாட்டுக் குழு என்றால் எல்லோருக்கும் சேர்த்துப் பாஸ் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வென்றால் அந்த மாதமே கணவனின் கட்டிலடியில் நிற்பார். தோற்றால் மறுபடி போய் வரிசையில் நிற்க வேண்டும்.

நடுவர் கதிரையில் நான் இருந்தேன். கதை தெரிந்தவனுக்கு அந்தக் கதிரை சுடும். நீங்களும் ஒருநாள் அனுபவிப்பீர்கள்.

மண்டபத்து யன்னல்களில் கண்ணாடி போய்க் கனகாலம். வாடைக்காற்று உள்ளே வந்தால் பந்து நிற்காது என்று எல்லா யன்னலுக்கும் தறப்பாள் அடித்து மறைத்திருந்தோம். அதனால் பகலிலும் உள்ளே இருட்டு. மின்சாரம் போய் வருடங்களாகிவிட்டது. வீடு வீடாகப் படம் காட்டுகிற ஒருவரிடம் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் ஒன்றை எடுத்து, மேசைக்கு மேலே இரண்டு குழல் விளக்குப் போட்டோம். எங்கள் வாயில் அதன் பெயர் மெஷின். வயர் கட்டையாக இருந்ததால் மெஷினைத் தூரத்தில் வைக்க முடியவில்லை. கதவுக்கு வெளியே, சுவரோடு சேர்ந்து, அது தன்பாட்டுக்குக் குளறிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஹெலிக்கே நிறுத்தாதவர்கள் நாங்கள்.

முதல் ஆட்டத்தில் ஜெசிந்தா ஒரேயடியாகத் தோற்றார். வெட்டின பந்து ஒன்று வலைக்குள் போகும், அடுத்தது மேசையைத் தாண்டிப் போகும். பயந்துபோனார் என்று நினைத்தேன். பின்வாங்கில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், மனுசி படுக்கையில் கிடக்கிறவனை நினைச்சுக் குழம்பிப்போச்சு என்று ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. இரண்டாவது ஆட்டத்தில் அவர் தலையை ஒரு பக்கமாகச் சரித்துக்கொண்டு விளையாடுவதைக் கண்டேன். காதைக் கொடுத்துக் கேட்க முயல்கிறவர் தலையைச் சரிக்கிற மாதிரி. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அந்த ஆட்டமும் போயிற்று. இன்னொன்று போனால் முடிந்தது.

பக்கம் மாறும்போது கதிரையடிக்கு வந்து சொன்னார்.

"சேர், மெஷினை நிப்பாட்டச் சொல்லுங்கோ. அவ உரசிறாவோ அறையிறாவோ எண்டு எனக்குத் தெரியேல்லை. காதில்லாமல் என்னாலை விளையாட ஏலாது."

தலைமை நடுவரைக் கூப்பிட்டேன். அவருடைய பெயர் வேண்டாம், பிள்ளைகள் இதை வாசிக்கக்கூடும். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவரிடம் எடுத்தது. யாருக்கும் ஒரு அங்குலம் வளையாத மனிதர். ஹெலி விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஹெலி சுத்தேக்கையே விளையாடினாங்கள், உந்த மெஷின் சத்தமோ பெரிசு என்றார். சத்தம் இரண்டு பேருக்கும் ஒன்று. தொடங்கும்போது இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். தோற்கிறபோது முறையிடக் கூடாது.

சுகிர்தாவும் வந்தார். அவர் சண்டைக்கு வரவில்லை. மெஷினை நிறுத்தினால் விளக்குப் போய்விடும், இந்த இருட்டில் ஜெசிந்தாவின் மட்டையில் கறுப்பு எது சிவப்பு எது என்று தனக்குத் தெரியாது, அது தனக்கு அநியாயம் என்றார். அதுவும் உண்மை. அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தள்ள முடியாது. ஒருவருக்குக் கண் வேண்டும், மற்றவருக்குக் காது வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் மற்றது போகும். பின்வாங்கில் இரண்டு பக்கமும் சத்தம் தொடங்கிவிட்டது. குருநகர் ஆட்கள் எழும்பி நின்றார்கள். உடுப்பிட்டியிலிருந்து வந்தவர்கள், தோற்கிற ஆட்டத்தைக் குழப்பிறா என்று சொன்னார்கள்.

நான் அப்போது என்னை ஒன்று கேட்டேன். ஜெசிந்தாவின் கணவன் கொழும்பில் சுகமாக இருந்தால், இந்த முறைப்பாட்டுக்கு நான் காது கொடுப்பேனா? நேர்மையாகச் சொன்னால், பதில் எனக்கு உடனே வரவில்லை. அதனால் ஜெசிந்தாவை விட்டுவிட்டு என் வேலையை மட்டும் யோசித்தேன். முதல் ஆட்டத்தில் ஒரு சேர்விஸ் வலையில் பட்டதோ இல்லையோ என்று எனக்குத் தெரியவில்லை. வலையையும் மேசை விளிம்பையும் நடுவர் பாதி கண்ணாலும் பாதி காதாலும்தான் பிடிக்கிறார். எனக்கும் அன்று காதில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, அவவை விடுங்கோ. எனக்கே கேக்கேல்லை. வலையிலை பட்டால் எனக்குத் தெரியாது, விளிம்பிலை பட்டால் எனக்குத் தெரியாது. இப்பிடி என்னாலை உந்தக் கதிரையிலை இருக்க ஏலாது."

பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படியொரு கதையை அவரோடு நான் அதற்கு முன்னால் கதைத்ததில்லை. நான் வழியையும் சொன்னேன். மெஷினை நிறுத்துவோம். காற்று வராத தெற்குப் பக்கத்து யன்னல்களில் தறப்பாளைக் கழற்றுவோம். வெளிச்சம் வரும். கொஞ்சம் காற்றும் சுற்றிக்கொண்டு வரும், அதை இரண்டு பேரும் பங்குபோடட்டும். கதிரையில் இருக்கிற எனக்குக் கறுப்பும் சிவப்பும் பிரித்துத் தெரியாத நேரம் வந்தால், யார் என்ன சொன்னாலும் மெஷினைப் போடுவேன்.

சுகிர்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, நிறம் தெரிந்தால் தனக்குப் போதும் என்றார். ஜெசிந்தா தலையாட்டினார். பெரியவர், உம்மடை பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போய் இருந்தார். அந்தச் சொல்லை நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள். அதைக் கேட்டதும் முதுகில் யாரோ மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருக்கும்.

மெஷின் நின்றது. அதற்குள் பின்னேரம். தெற்கு யன்னலால் வந்த வெளிச்சத்துக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் என்று எனக்குக் கவலை. வெட்டி ஆடுகிறவரின் விளையாட்டு மெதுவான விளையாட்டு. அவர் நன்றாக ஆடினால் புள்ளிகள் நீளும், நீண்டால் பொழுது சாயும், பொழுது சாய்ந்தால் மெஷின் மறுபடி குளறும். காதைக் கேட்டு வாங்கினவர் அந்தக் காதைக் கெதியாகப் பயன்படுத்த வேண்டும். அவருடைய ஆட்டமோ கெதிக்கு ஒத்துவராத ஆட்டம்.

ஆனால் அவர் ஆடினார். அப்படி ஒருவர் வெட்டி ஆடி நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. சுகிர்தா அடிக்கிற ஒவ்வொரு அடியும் மண்டபத்தில் எதிரொலித்தது. சர் என்றால் ஜெசிந்தாவின் மட்டை ஒரு விதமாகச் சரிந்தது, டப் என்றால் வேறு விதமாகச் சரிந்தது. பந்து வலைக்கு மேலால் மயிரிழையில் தவழ்ந்து போய்க் கிடந்தது. சுகிர்தா விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. அடிக்கிறதை நிறுத்தி, மெதுவாக வலைக்கருகே போட்டு ஜெசிந்தாவை முன்னால் ஓடவைத்தார், பிறகு உடம்பைப் பார்த்து அறைந்தார். ஜெசிந்தா முன்னும் பின்னும் ஓடி, ஒருமுறை பின்சுவரில் முட்டிக்கொண்டும் பந்தைத் திருப்பி அனுப்பினார். பின்வாங்கிலிருந்து "அடியுமன்" என்று யாரும் கத்தவில்லை.

மூன்றாவது ஆட்டத்தை ஜெசிந்தா எடுத்தார். நாலாவதையும் எடுத்தார். ஐந்தாவது ஆட்டத்தில் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் நான் ஜெசிந்தாவின் மட்டையைப் பார்த்தேன். சிவப்பு, சிவப்பாகத்தான் தெரிந்தது. கொஞ்சம் போக, மண்நிறமாகத் தெரிந்தது. சுகிர்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். வாய் திறந்து கேட்கவில்லை, கேட்டிருந்தால் மறுக்க எனக்கு நியாயம் குறைவு. மெஷின்காரர் வாசலில் தயாராக நின்றார். இன்னும் தெரிகிறது, இன்னும் தெரிகிறது என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். அப்போது உண்மையாகவே தெரிந்ததா அல்லது தெரிய வேண்டும் என்று விரும்பினேனா என்று இப்போதும் சத்தியம் பண்ண மாட்டேன்.

அந்த நாளில் ஆட்டம் இருபத்தொன்றுக்கு. ஜெசிந்தா இருபது, சுகிர்தா பத்தொன்பது. ஒரு புள்ளி எடுத்தால் ஜெசிந்தாவுக்குக் கொழும்பு.

அந்தப் புள்ளி நீண்டது. சுகிர்தா அடித்தார், ஜெசிந்தா வெட்டினார், மறுபடி அடித்தார், மறுபடி வெட்டினார். கடைசியில் ஒரு பந்து சற்று உயர்ந்துவிட்டது. சுகிர்தா முழு உடம்பையும் போட்டு அறைந்தார். பந்து மேசையைத் தாண்டிப் போவதை நான் பார்த்தேன். ஜெசிந்தா மட்டையைப் பின்னுக்கு இழுத்து, பந்தைப் போகவிட்டார். பந்து அவருடைய இடுப்பருகால் போய்ச் சுவரில் மோதியது. மேசையைத் தொடாமல் போயிருந்தால் புள்ளி ஜெசிந்தாவுக்கு. விளிம்பில் உரசியிருந்தால் சுகிர்தாவுக்கு. என் கண்ணுக்கு அது தொடாமல் போனது. அதே நேரம் எனக்குப் பின்னால் கழற்றிவிட்ட தறப்பாள் காற்றுக்குப் படபடவென்று அடித்தது. எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. எதிரே இருந்த உதவி நடுவரைப் பார்த்தேன், தனக்கும் தெரியாது என்று தலையை ஆட்டினார். சுகிர்தா தோற்றுவிட்டதாக நினைத்து மட்டையை மேசையில் வைத்துவிட்டார். என் கை ஜெசிந்தாவின் பக்கமாக எழும்பியது. குருநகர் ஆட்கள் எழும்பிக் கத்தத் தொடங்கிவிட்டார்கள்.

ஜெசிந்தா மேசைக்குக் கிட்ட வந்தார். விளிம்பில் ஓர் இடத்தைக் கையால் தொட்டார்.

"சேர், பட்டது."

என் கை பாதியில் நின்றது. புள்ளியை மாற்றிச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் எழும்பி வந்துவிட்டார். வாழ்நாளில் யாருக்கும் வளையாத மனிதர் என்று சொன்னேனே, அவர்தான். முகம் ஒரு மாதிரி இளகியிருந்தது. அந்தப் பெண்ணின் கதை அவருக்கும் தெரியும். அவருக்கும் பெண்பிள்ளைகள். சனத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"அவசரப்படாதையும் பிள்ளை. காத்து அடிச்சது, தறப்பாள் சத்தமாயும் இருக்கலாம். நடுவர் கண்டவர், படேல்லை எண்டுதான் கை தூக்கினவர். வடிவா யோசிச்சுச் சொல்லும். பட்டதோ?"

சுகிர்தா மேசையில் வைத்த மட்டையை எடுக்கவில்லை. இல்லை என்று சொல்லு என்று நான் மனதுக்குள் சொன்னேன். நடுவராக இருந்துகொண்டு அப்படி நினைத்தேன், மறைக்க ஒன்றுமில்லை, அந்த இடத்தில் இருந்த எவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். ஜெசிந்தா மேசையைப் பார்த்தார். யன்னலால் வெளியே பார்த்தார். முகத்தில் வியர்வையைத் துடைத்தார், அது வியர்வைதானா என்று எனக்குத் தெரியாது. பிறகு சொன்னபோது குரலில் கோபம் இருந்தது.

"காது வேணும் எண்டு மெஷினை நிப்பாட்டச் சொன்னது நான்தானே, சேர். எனக்குக் கேட்டது. பட்டது."

புள்ளியைச் சுகிர்தாவுக்குக் கொடுத்தேன். இருபதுக்கு இருபது. அடுத்த இரண்டு புள்ளிகளையும் ஜெசிந்தா இழந்தார். முன்னதைப்போல் நீளவில்லை. முதலாவதை வலைக்குள் வெட்டினார், இரண்டாவதை மேசைக்கு வெளியே வெட்டினார். வெளிச்சம் போதாது என்று ஒருவரும் சொல்லவில்லை. சுகிர்தா வலைக்கு மேலால் கைகொடுக்காமல் மேசையைச் சுற்றி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். ஜெசிந்தா அந்த அணைப்பில் கொஞ்சம் நின்றுவிட்டு, மட்டையை உறைக்குள் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குழு போயிற்று. திரும்பியும் வந்தது. சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கியது, பாஸ் கேட்கப் போகிற வரிசையும் இல்லாமல் போயிற்று. ஐப்பசி முடிவில் வலிகாமம் முழுவதும் மழைக்குள் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தோம். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் ஜெசிந்தாவைக் கண்டேன். வெள்ளைச் சேலை. விசாரிக்காமலே விளங்கிவிட்டது. கணவன் ஆஸ்பத்திரியில் போய்விட்டதாகவும், செய்தி தனக்கு வந்துசேர்ந்தபோது அடக்கமும் முடிந்துவிட்டதாகவும் அவரே சொன்னார்.

எனக்கு விம்மல் வந்தது, ஆம்பிளை என்று அடக்கவும் இல்லை. அன்றைக்கு நான் புள்ளியைக் கொடுத்தது பிழையோ என்று ஏதோ உளறினேன். ஜெசிந்தா என்னைத்தான் ஆறுதல்படுத்தினார்.

"நீங்கள் குடுத்தது சரி, சேர். பட்டதுதானே. முதல்தரம் சொல்லேக்கை எனக்கு ஒண்டும் தெரியேல்லை, வாயிலை வந்திட்டுது. ஐயா ரெண்டாந்தரம் கேட்டவர் பாருங்கோ. அப்பதான் என்ரை மனுசன்ரை முகம் கண்ணுக்கு முன்னாலை வந்தது. அவரைப் பாத்துக்கொண்டுதான் பட்டது எண்டு சொன்னனான்."

பெரியவர் இரக்கத்தோடுதான் கேட்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் அந்தக் கதிரையில் இருக்கும்போது ஒரு விளையாட்டுக்காரர் தனக்கெதிராக ஒன்றைச் சொன்னால், அந்த முதல் தடவையோடு புள்ளியைச் சொல்லிவிடுங்கள். பாவம் பார்த்து இன்னொருதரம் கேட்காதீர்கள்.